ஹோம் ரன் மழையை நிறுத்துவது எப்படி?

இரவு 9 மணி. அமெரிக்காவில் ஒரு வீடு. சாப்பாடு முடிந்தது. குழந்தைகள் தூங்கப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் டெலிவிஷன் பெட்டிக்கு எதிரே வந்து உட்காருகிறார். கையில் பொத்தான்கள் பதித்த ஒரு சிறு கருவி. திரையில் பேஸ்பால் மைதானம் விரிகிறது. பச்சைப் புல், வெள்ளைக் கோடு, ஆயிரக்கணக்கான ஜனங்கள். எல்லாம் கம்ப்யூட்டர் வரைந்த பொம்மைகள்!

ஒரு மணி நேரம் ஓடுகிறது. ஆட்டம் முடிகிறது. வீட்டுக்காரரின் அணி 17 ஓட்டம். எதிரே ஆடிய கம்ப்யூட்டர் அணி 2 ஓட்டம்.

அபார வெற்றி! ஆனால் ஜெயித்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "சே! இது என்ன ஆட்டம்?" என்று கருவியைக் கீழே வைக்கிறார்.

ஜெயித்ததற்காக வருத்தப்படும் மனிதர் உண்டா என்று கேட்கிறீர்களா? உண்டு. ஒருவர் இருவர் அல்ல. பேஸ்பால் வீடியோ கேம் ஆடுகிறவர்களில் ஒரு பெரிய கூட்டமே அப்படித்தான். அவர்களுக்கு வெற்றி மட்டும் போதாது. திரையில் நடப்பது மைதானத்தில் நடப்பதுபோல இருக்க வேண்டும். அதற்காக அவர்கள் இரவெல்லாம் கண் விழித்துக் கணக்குப் போடுகிறார்கள்.

தோற்பதே ஆட்டம்

அவர்களுடைய கவலை நமக்குப் புரிய வேண்டுமானால், பேஸ்பால் எப்படிப்பட்ட ஆட்டம் என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒருவர் பந்து எறிவார். ஒருவர் உருண்டையான மட்டையால் அடிப்பார். இருவருக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். நல்ல எறியாளர் மணிக்கு 95 மைல் வேகத்தில் எறிவார். பந்து வந்து சேர ஏறக்குறைய அரை வினாடிகூட ஆகாது. அதற்குள் அடிப்பதா, விடுவதா என்று முடிவு செய்து, மட்டையைச் சுழற்றியும் ஆக வேண்டும்.

நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலும், சுழற்றித் தவறவிட்டாலும் 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். எறியாளர் எல்லைக்கு வெளியே எறிந்து, அடிப்பவர் அதைத் தொடாமல் விட்டால் 'பால்'. நான்கு 'பால்' ஆனால், அடிப்பவர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். அதற்கு 'வாக்' என்று பெயர். பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடித்தால் 'ஹோம் ரன்'.

இந்த ஆட்டத்தில் பத்துத் தடவைக்கு மூன்று தடவை சரியாக அடிப்பவர் பெரிய வீரர்! மற்ற ஏழு தடவையும் அவர் தோற்றுத்தான் திரும்புகிறார். 1941-ம் வருஷம் டெட் வில்லியம்ஸ் என்ற வீரர் ஆயிரத்துக்கு 406 என்ற கணக்கில் அடித்தார். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு ஒரு முழுப் பருவத்தில் யாரும் ஆயிரத்துக்கு 400-ஐ எட்டவில்லை. எத்தனையோ பலசாலிகள் வந்தார்கள். முடியவில்லை.

2023-ம் வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்தது சராசரியாக நாலரை ஓட்டத்துக்குச் சற்று மேல். ஹோம் ரன், 5 ஆட்டத்துக்கு 6. 'வாக்' 3-க்குச் சற்று மேல். ஸ்ட்ரைக் முறையில் அவுட் ஆனவர்கள் 8-க்கு மேல்.

இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கும் ரசிகர், திரையில் ஒரே இரவில் 7 ஹோம் ரன் அடித்தால் எப்படிச் சந்தோஷப்படுவார்? பொய் சொல்லும் தராசில் நிறுத்த தங்கம்போல அது அவருக்குத் தோன்றுகிறது.

பகடையில் பிறந்த ஆசை

இந்த ஆசை கம்ப்யூட்டரோடு வந்தது அல்ல. அதற்கு முன்பே காகிதத்திலும் பகடையிலும் பிறந்துவிட்டது.

நியூயார்க் அருகே ஹால் ரிச்மன் என்று ஒரு பையன் இருந்தான். வயது 11. பேஸ்பால் பைத்தியம். கடையில் விற்ற பேஸ்பால் பொம்மை ஆட்டங்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவற்றில் பெரிய வீரரும் சாதாரண வீரரும் ஒரே மாதிரி அடித்தார்கள். 'இது என்ன நியாயம்?' என்று நினைத்தான். தானே ஓர் ஆட்டம் தயாரிக்க உட்கார்ந்தான்.

இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை ஏதாவது வரும். ஆனால் எல்லா எண்ணும் ஒரே அளவில் வராது. 36 தடவைக்கு 7 என்ற எண் 6 தடவை விழும். 2 என்ற எண் ஒரே தடவைதான் விழும். இந்த ரகசியம்தான் அஸ்திவாரம். ஒரு வீரர் நிஜத்தில் அரிதாக ஹோம் ரன் அடித்தால், அவருடைய அட்டையில் 'ஹோம் ரன்' என்பதை 2-க்கு நேரே எழுது. அடிக்கடி அடித்தால் 7-க்கு நேரே எழுது. தீர்ந்தது!

மூன்றாவது பகடை ஒன்றும் உண்டு. அதில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் எறிபவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். பாதி அதிகாரம் இவருக்கு, பாதி அவருக்கு.

பையன் வளர்ந்தான். கல்லூரியில் கணிதம் படித்தான். 1961-ல் 'ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்' என்ற பெயரில் ஆட்டத்தை விற்பனைக்கு விட்டான். லாபம் வரவில்லை. தந்தையிடம் கடன் கேட்டான். தந்தைக்கு இன்ஷ்யூரன்ஸ் தொழில். அவர் கடன் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை: இந்தத் தடவையும் ஆட்டம் படுத்துவிட்டால் மகன் பேசாமல் இன்ஷ்யூரன்ஸ் வேலைக்கு வந்துவிட வேண்டும்!

மகன் அந்த வேலைக்குப் போகவில்லை. ஆட்டம் பிழைத்துக்கொண்டது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் விற்பனையில் இருக்கிறது.

குமிழ்கள்

இப்பொழுது திரைக்கு வருவோம். இந்த ரக ஆட்டங்களில் பேர் போனது 'எம்.எல்.பி. தி ஷோ'. சோனி கம்பெனியின் சான் டியாகோ கூடத்தில் தயாராகிறது. 2006-லிருந்து வருஷா வருஷம் புதுப் பதிப்பு. அதில் நிஜமான அணிகள், நிஜமான வீரர்கள், நிஜமான மைதானங்கள்.

தயாரிப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரே ஆட்டத்தைப் பத்து வயதுப் பையனும் வாங்குகிறான். முப்பது வருஷம் பேஸ்பால் பார்த்த பெரியவரும் வாங்குகிறார். இருவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? கடையில் தைத்து வைத்த சட்டை மாதிரிதான். அதனால் எளிது, கடினம் என்று பல படிகள் வைத்தார்கள். அது போதவில்லை. பிறகு, 'நீங்களே பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள்' என்று கத்தரிக்கோலையும் ஊசியையும் வாங்குகிறவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அதுதான் 'ஸ்லைடர்'. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்கிறது அல்லவா? அந்த மாதிரி. திரையில் ஒரு கோடு. அதன்மேல் ஒரு குறி. அதை இடப்பக்கம் தள்ளினால் குறையும். வலப்பக்கம் தள்ளினால் கூடும். 0 முதல் 10 வரை அளவு. கடையிலிருந்து வரும்போது எல்லாம் நடுவில், 5-ல் நிற்கும். (பேஸ்பாலில் வளைந்து போகும் ஒரு வகைப் பந்துக்கும் 'ஸ்லைடர்' என்றுதான் பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டு திண்டாடிய புது ஆட்டக்காரர்கள் இருக்கக்கூடும்!)

எத்தனை குமிழ்கள் தெரியுமா? மட்டையில் பந்து படுவதற்கு ஒன்று. அடியின் பலத்துக்கு ஒன்று. எறிபவரின் குறி தவறாமைக்கு ஒன்று. அவர் எவ்வளவு நேரம் களைக்காமல் எறிவார் என்பதற்கு ஒன்று. பந்தின் வேகம், தடுப்பவரின் ஓட்டம், கைநழுவல், காற்று, காயம்... இப்படிப் போகிறது. இன்னும் விசேஷம் என்னவென்றால், பல குமிழ்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. மனிதர் அணிக்கு வேறு, கம்ப்யூட்டர் அணிக்கு வேறு.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று

'17 ஓட்டம் வந்ததா? அடியின் பலத்தைக் குறைத்துவிடு. விவகாரம் முடிந்தது!' என்று நமக்குத் தோன்றும். முடியாது. இங்கேதான் வேடிக்கை.

ஒரு பழைய புகாரை எடுத்துக்கொள்வோம். வீடியோ கேமில் 'வாக்' மிகவும் குறைவு. நிஜத்தில் ஓர் அணிக்கு 3 வரும். திரையில் ஒன்று வந்தால் பெரிது. காரணம் என்ன? பாதிக் குற்றம் ஆடுகிறவருடையது. சோபாவில் உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவருக்குப் பொறுமை ஏது? வருகிற பந்தையெல்லாம் அடிக்கப் பார்க்கிறார். பிறகு 'வாக்' எங்கிருந்து வரும்? எறிபவருக்கும் களைப்பு ஏற்படுவதில்லை. நிஜத்தில் ஆறாவது சுற்றில் வெளியேறுகிறவர், திரையில் ஒன்பது சுற்றும் நின்று எறிகிறார்.

சரி, எறிபவரின் குறியைக் கெடுப்போம் என்று அந்தக் குமிழைக் குறைக்கிறார்கள். 'வாக்' கூடுகிறது. சபாஷ்! ஆனால் மறுநாள் பார்த்தால் ஹோம் ரன் கொட்டுகிறது. ஏன்? குறி தவறிய பந்து எல்லாம் வெளியே மட்டுமா போகும்? சில பந்துகள் நேர் நடுவிலும் வந்து விழும். நடுவில் விழுந்த பந்து மைதானத்தில் தங்குமா?

உடனே அடியின் பலத்தைக் குறைக்கிறார்கள். ஹோம் ரன் நின்றது. ஆனால் வேலிவரை போக வேண்டிய பந்துகள் எல்லாம் இப்பொழுது பாதி வழியில் தடுப்பவர் கையில் சாதுவாக விழுகின்றன. இரண்டு தளம் ஓடும் அடிகள் காணாமல் போய்விட்டன. இனி தடுப்பவரின் வேகத்தைக் குறைக்க வேண்டும்... நான்கு கால் கட்டிலில் ஒரு காலை வெட்டிச் சரிசெய்யப் புறப்பட்டவன் கதைதான். கட்டில் பலகையாகும் வரை வெட்டிக்கொண்டே இருக்கலாம்.

அனுபவசாலிகள் அதனால் ஒரு சமயத்தில் ஒரே ஒரு குமிழைத்தான் தொடுவார்கள். அதையும் ஒரே ஒரு புள்ளிதான் நகர்த்துவார்கள்.

ஓர் ஆட்டம் சாட்சி ஆகாது

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. ஆட்டம் பொய்யாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நமது வீட்டுக்காரர் 17 ஓட்டம் எடுத்தார். நிஜத்தில் அப்படி நடக்காதா? நடந்திருக்கிறது! 2007 ஆகஸ்ட் 22-ந் தேதி டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியை 30-3 என்று அடித்து நொறுக்கியது. 30 ஓட்டம்! திரையில் அப்படி வந்திருந்தால் கருவியைச் சுவரில் எறிந்திருப்பார்கள். நிஜத்தில் வந்தது, ஜனங்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சிறிய கணக்கு ஒன்று. ஒரு வீரர் நான்கு தடவைக்கு ஒரு தடவை சரியாக அடிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்தில் அவருக்கு நான்கு வாய்ப்பு. அப்படியானால் தினமும் ஓர் அடி அடிப்பாரா? இல்லை. மூன்று நாளில் ஒரு நாள் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் திரும்புவார். இருபது நாளில் ஒரு நாள் மூன்றோ நான்கோ அடிப்பார். அவர் அதே மனிதர்தான். கை அதே கைதான். அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தவர், 'இவர் சூரர்!' என்பார். வேறொரு நாள் பார்த்தவர், 'இவர் உதவாக்கரை!' என்பார்.

ஆகையால் ஓர் ஆட்டம் சாட்சி ஆகாது. பத்து, இருபது ஆட்டம் ஆடி, ஒரு நோட்டில் எழுதி, கூட்டி, வகுத்துப் பார்க்க வேண்டும். நிஜ அணிகளே ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடித்தான் தங்கள் யோக்கியதையைத் தெரிந்துகொள்கின்றன.

ஆனால் மனிதர் மனம் என்ன செய்கிறது? தோற்ற இரவில்தான் குமிழைத் தேடுகிறது! 17-2 என்று ஜெயித்தபோது மூன்று நாள் யோசித்தவர், 1-6 என்று தோற்றவுடன் மூன்று நிமிஷத்தில் முடிவுக்கு வந்துவிடுகிறார். 'கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது. என் ஆட்களுக்குக் கொஞ்சம் பலம் கூட்டினால் என்ன?' யாரும் பார்க்கவில்லை. அம்பயர் இல்லை. எதிரி ஒரு யந்திரம். அது போய்ப் புகார் செய்யாது. அந்த நிமிஷத்தில் கை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மைதானத்திலும் குமிழ் உண்டு

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் 1968-ம் வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் நிஜ பேஸ்பாலே கெட்டுப்போயிற்று!

எறியாளர்களின் கை ஓங்கிவிட்டது. செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன், ஒன்பது சுற்றுக்குச் சராசரியாக 1.12 ஓட்டம்தான் விட்டார். டெட்ராய்ட் அணியின் டென்னி மெக்லெய்ன் 31 ஆட்டம் ஜெயித்தார். அமெரிக்கன் லீகில் முதல் இடம் பிடித்த அடிப்பாளர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி. அவருடைய கணக்கே ஆயிரத்துக்கு 301தான். அடிப்பவர்கள் வருவதும் போவதுமாக இருந்தால் ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள்?

பேஸ்பால் நிர்வாகிகள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பினார்கள்! எறியாளர் நிற்கும் மண்மேட்டின் உயரம் 15 அங்குலம். 1969-ல் அதை 10 அங்குலமாக வெட்டினார்கள். ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். அதே வருஷம் ஓட்டங்கள் ஏறின. ஐந்து அங்குல மண்!

2023-ல் இன்னொரு தடவை திருப்பினார்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்று புகார். எறியாளர் பந்தைத் தடவிக்கொண்டு நின்றால் யார் கேட்பது? மைதானத்தில் கடிகாரம் வைத்தார்கள். தளங்களில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள், ஆள் இருந்தால் 20 விநாடிக்குள் எறியத் தொடங்க வேண்டும் என்று அந்த வருஷம் விதித்தார்கள். தளத்தின் அகலத்தையும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கினார்கள். முந்திய வருஷம் சராசரியாக 3 மணி நேரத்தைத் தாண்டிய ஆட்டம் 2 மணி 40 நிமிஷமாகக் குறைந்தது. எறிபவரின் கண்ணில் மண்ணைத் தூவி அடுத்த தளத்துக்கு ஓடும் 'தளத் திருட்டு' 2,486-லிருந்து 3,503 ஆக உயர்ந்தது.

நிஜ ஆட்டம் மாறினால் பொம்மை ஆட்டமும் மாற வேண்டும் அல்லவா? வருஷக்கணக்காகப் பாடுபட்டுத் தளத் திருட்டைச் சரிசெய்து வைத்திருந்தவர்கள் அந்த வருஷம் நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

மைதானம் மூடியபோது

நிஜம் நின்றுபோன சமயங்களும் உண்டு. 1981-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிளீவ்லந்து நகரில் நடக்க இருந்த நட்சத்திர ஆட்டம் தள்ளிப்போயிற்று. அந்தப் பெரிய மைதானத்தில், ஹோம் தளத்துக்குப் பக்கத்தில், மேஜை போட்டுப் பகடையை உருட்டி ஆடினார்கள். ரிச்மனின் ஆட்டம்தான்!

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. பேஸ்பால் நின்றது. அப்பொழுது வீரர்களே வீட்டில் உட்கார்ந்து 'தி ஷோ' ஆடினார்கள். 30 அணி, அணிக்கு ஒரு வீரர். நிஜ மைதானத்தில் எறிந்த கைகள் பொத்தானை அமுக்கின. போட்டியில் ஜெயித்தவர் டாம்பா பே ரேஸ் அணியின் எறியாளர் பிளேக் ஸ்னெல்.

'தி ஷோ'வில் 'மேனேஜர்' குமிழ் என்று ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் மேனேஜர் எறியாளரை எவ்வளவு சீக்கிரம் வெளியே அழைப்பார் என்பதை அது தீர்மானிக்கும். அதைப் பற்றிக் குறைப்படாத ஆட்டக்காரர் குறைவு. 'நன்றாக எறிகிறவரை எந்த மேனேஜராவது கூப்பிடுவாரா?' என்பார்கள்.

ஜூலையில் நிஜ ஆட்டம் திரும்பியது. ஸ்னெலின் அணி உலகத் தொடரின் கடைசிக் கட்டம்வரை வந்துவிட்டது. அக்டோபர் 27-ந் தேதி ஆறாவது ஆட்டம். தோற்றால் தொடர் போய்விடும். எதிரே லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். ஸ்னெல் எறிந்தார். ஒன்பது பேர் ஸ்ட்ரைக் முறையில் அவுட். ஒரு 'வாக்'கூட இல்லை. அவர் கொடுத்தது இரண்டே அடி. அணி 1-0 என்று முன்னால் இருக்கிறது. ஆறாவது சுற்று. அவர் எறிந்தது 73 பந்துகள்தான்.

மேனேஜர் கெவின் கேஷ் மைதானத்துக்குள் நடந்து வந்தார். ஸ்னெலின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஸ்னெல் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்.

அந்தச் சுற்றிலேயே டாட்ஜர்ஸ் இரண்டு ஓட்டம் எடுத்தார்கள். ஆட்டம் 3-1 என்று முடிந்தது. கோப்பை லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போயிற்று.